பழைய புகைப்படத்தில் காதுகளைப் பாருங்கள்

அவருக்கு எழுபது நெருங்குகிறது. வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதும் வேலை. மனைவிதான் இழுத்து வந்திருந்தார். "டிவியை அலறவிடுகிறார். நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் காதில் விழுவதில்லை" என்பது புகார். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் செவித்திறன் நிபுணராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன புகார்தான். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தொழிற்சாலை வேலை? இல்லை. ராணுவம்? இல்லை. வேட்டை, துப்பாக்கி? (இந்த ஊரில் இதைக் கேட்காமல் விட முடியாது.) அதுவும் இல்லை.

ஆனால் அவருடைய ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) அதை நம்பவிடவில்லை. வயதால் மட்டும் காது மந்தமானால், கோடு கீச்சு ஒலிகளை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். இவருக்கு இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம். 8000-இல் கோடு மறுபடி கொஞ்சம் ஏறியிருந்தது. பெருஞ்சத்தத்தில் காலம் கழித்தவர்களிடம் பார்க்கிற பள்ளம் அது.

அடுத்த முறை வந்தபோது ஒரு ஆல்பம் கொண்டு வந்தார். பதின்ம வயதில் ட்ரம் கோர் என்ற அணிவகுப்பு இசைக்குழுவில், படபடவென்று கூர்மையாக ஒலிக்கும் ஸ்நேர் ட்ரம் வாசித்தவராம்! "அதை வேலை என்று யார் சொல்வார்கள்? நீங்கள் வேலையைத்தானே கேட்டீர்கள்" என்றார். நியாயம்தான், தப்பு என் கேள்வியில். இப்போதெல்லாம் "சின்ன வயதில் என்ன வாசித்தீர்கள்?" என்றும் கேட்கிறேன்.

அந்த நாளில் முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களும் தேவாலயங்களும் ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட குழுக்களை நடத்தின. முரசு போன்ற தாள வாத்தியங்களும் பியூகிள் என்னும் பித்தளை ஊதுகொம்புகளும் மட்டும்தான். 1972-இல் இக்குழுக்களுக்கான டி.சி.ஐ. (ட்ரம் கோர் இன்டர்நேஷனல்) அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் போட்டி நடந்ததே இங்கே, விஸ்கான்சினின் வைட்வாட்டர் ஊரில்தான். அதைச் சொல்லும்போது மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் காட்டிய படம் 1973 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தின அணிவகுப்பு. தோல்வாரில் தொங்கும் ட்ரம் இடது தொடைமேல் சாய்ந்திருக்க, ஐந்து பையன்கள் வரிசையாக வருகிறார்கள். இறகு வைத்த உயரத் தொப்பி, தாடைக்குக் கீழே வார், வெள்ளைக் கால்சட்டை. ஒருவனுடைய கால்சட்டையில் மட்டும் முழங்கால்வரை ஏதோ தெறித்த கறை. என்ன என்று கேட்டேன், தெரியாது என்றார். நான் உண்மையில் தேடியது காதுகளைத்தான். ஐந்து பேர், பத்துக் காது, ஒன்றில்கூட அடைப்பான் இல்லை.

பயிற்சி? கோடை முழுக்க, தினமும் சாயங்காலம். சத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து அடிக்கும் ஸ்நேர் ட்ரம் அந்த நூறைச் சுலபமாகத் தாண்டும். உள்காதின் மயிரிழை செல்கள் செத்தால் நமக்குத் திரும்ப முளைப்பதில்லை.

"அன்றே தெரிந்திருக்குமே?" என்பார்கள். தெரிந்தது. பயிற்சி முடிந்ததும் காது பஞ்சடைத்த மாதிரி இருக்கும், 'ங்ஙொய்' என்று இரையும். காலையில் சரியாகிவிடும். அந்தச் 'சரியாகிவிடும்'தான் ஏமாற்றுகிறது. கேட்கும் அளவு பழையபடி திரும்பினாலும், உள்ளே சேதம் மிஞ்சியிருக்கலாம்.

இதை நான் தமிழில் எழுதக் காரணம், இங்குள்ள நம் பிள்ளைகள் பள்ளி மார்ச்சிங் பேண்டில் நிறையச் சேர்கிறார்கள். சீருடை, ஷூ, முகாம் கட்டணம் எல்லாவற்றுக்கும் பணம் கட்டும் பெற்றோர் இயர் பிளக்கை மறந்துவிடுகிறார்கள். மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பான் கீச்சு ஒலிகளை அதிகம் விழுங்கும். குச்சியின் அடி மழுங்கிக் கேட்கும், பையன் கழற்றி எறிவான். இசைக்கலைஞர்களுக்கென்றே இருப்பவை எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்கு அப்புறம் காது இரைகிறது என்று பிள்ளை சொன்னால், காலையில் சரியாகிவிட்டாலும் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள்.

அவர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய குழுவினர் ஆண்டுக்கு ஒருமுறை கூடி ஆல்பம் புரட்டுவார்களாம். "எல்லாரும் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன்" என்று மனைவி இல்லாத நேரத்தில் ஒப்புக்கொண்டார். டிவி சத்தத்தைவிட எனக்கு முக்கியமான அறிகுறி இதுதான். பலர் பேசும் மேஜையில் முதலில் நழுவுவது ஸ, ஷ, த போன்ற மெல்லிய ஒலிகள்; குரல் கேட்கும், சொல் பிடிபடாது. கருவி பொருத்தினோம். முதல் இரண்டு வாரம் பேப்பர் மடிக்கும் சத்தத்தையே திட்டிக்கொண்டிருந்தார்.

கோடைச் சந்திப்பு முடிந்து, அந்தப் படத்தோடு மறுபடி வந்தார். கறை விஷயம் தெரிந்துவிட்டது. அணிவகுப்பில் முன்னால் குதிரைகள் போயிருக்கின்றன. ட்ரம் மறைத்ததால் கீழே பார்க்காமல் சாணத்தில் ஓங்கி மிதித்துப் பக்கத்துப் பையன்மேல் தெறிக்கவிட்டவர் இவர்தானாம்.

"வருஷா வருஷம் எதிரே உட்கார்ந்து அவன் இதைச் சொல்லியிருக்கிறான், டாக்டர். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்."