வெள்ளைப் பெட்டி இல்லாத கையொப்பம்

மண்டூரில் இருக்கும் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரின் கையொப்பம், களுவாஞ்சிகுடியில் தட்டச்சாகும் கடிதத்துக்குத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் மட்டக்களப்பு வாவி. குருமண்வெளியில் 'பாதை' எனப்படும் பயணிகள் படகில் ஏறி அக்கரைக்குப் போய், ஒப்பம் வாங்கித் திரும்புவதற்குள் பொழுது போய்விடும். கடிதமோ அன்றே பிரதேச செயலகத்தில் சேர வேண்டும். ஆகவே தலைவர் ஒரு தாளில் ஒப்பமிட்டு, கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தட்டச்சுக் கடையில் இருப்பவர் அதை வேர்ட் கோப்பில் செருகுகிறார். திரையில் வந்து விழுவது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் நடுவில்தான் கையொப்பம் இருக்கிறது. பெட்டியின் அடி விளிம்பு தலைவரின் பெயரை மறைக்கிறது. மேல் விளிம்பு 'இங்ஙனம்' என்ற சொல்லின் பாதியைத் தின்றுவிடுகிறது.

வாவியின் இரு கரைகளான படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் அன்றாடம் நடக்கும் வேலை இது. அந்தப் பெட்டி ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் அதை நீக்கும் வழியும் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, அப்படிச் செருகிய கையொப்பத்துக்கு என்ன பெறுமதி, அதில் என்ன ஆபத்து என்பதும் தெரியும்.

தாள் வெள்ளை என்று நம் கண் சொல்கிறது. கமரா அப்படிச் சொல்வதில்லை. விளக்கின் கீழும் நிழலிலும் ஒரே தாளை வெள்ளையாகவே காணும்படி நம் மூளை வெளிச்சத்தைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்கிறது. கமராவின் உணரியோ, தன்மேல் விழுந்த ஒளியின் அளவை மட்டுமே பதிகிறது. படம் நுண்ணிய சதுரங்களாக, அதாவது பிக்சல்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 255 ஆனால் தூய வெள்ளை. மூன்றும் 0 ஆனால் கறுப்பு. அறை விளக்கில் எடுத்த படத்தில் தாளின் ஒரு பக்கம் 225 ஆகவும், கைபேசியின் நிழல் விழுந்த மூலை 160 ஆகவும் இருக்கலாம். வேர்ட் பக்கத்தின் வெள்ளையோ எங்கும் 255. இந்த வித்தியாசம்தான் பெட்டியாகத் தெரிகிறது.

வேர்டில் ஒரு நிறத்தை ஒளிபுகும்படி மாற்றும் வசதி இருக்கிறது. பலரும் முதலில் அதைத்தான் நாடுகிறார்கள். அது நாம் சொடுக்கிய இடத்தின் நிறம் எதுவோ அந்த ஒரே நிறத்தைத்தான் நீக்கும். தாளில் ஒரே நிறம் இல்லை, நூற்றுக்கணக்கான சாம்பல்கள் இருக்கின்றன. ஒன்று போக மற்றவை அப்படியே நிற்க, பெட்டி பொத்தல் விழுந்த துணியாகிவிடும்.

வாட்ஸ்அப் இதை இன்னும் கெடுக்கிறது. சாதாரணப் படமாக அனுப்பினால் அது ஜேபெக் முறையில் மேலும் சுருக்கப்படுகிறது. ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மென்மையான அலைகளின் கூட்டாக எழுதி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண் அலைகளைக் கைவிடுகிறது. முகத்துக்கும் வானத்துக்கும் இது பொருந்தும். வெள்ளையில் சட்டென்று முடியும் கறுப்புக் கோட்டை எழுத நுண் அலைகள்தான் வேண்டும். அவை போய்விட்டதால் கோட்டைச் சுற்றி அழுக்குப் போன்ற சிற்றலைகள் படிகின்றன. அத்துடன் ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மையைக் குறித்துவைக்க இடமே இல்லை. 1996 இல் வந்த பிஎன்ஜி வடிவம் எதையும் இழக்காமல் சுருக்குகிறது; ஒளிபுகும் அளவையும் பிக்சலுக்குப் பிக்சல் எழுதி வைக்கிறது. கையொப்பத்துக்கு ஏற்றது அதுதான். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் மேலதிகச் சுருக்கத்தைத் தவிர்க்கலாம்.

இனி மையைத் தாளிலிருந்து பிரிப்பது. எளிய வழி ஓர் எல்லை எண்ணை வைப்பது: அதற்கு மேலிருந்தால் தாள், கீழிருந்தால் மை. எல்லையை எங்கே வைப்பது? 1979 இல் ஜப்பானின் நொபுயுகி ஓட்சு ஓர் அழகான விடை தந்தார். படத்தில் எந்தெந்த வெளிச்சம் எத்தனை பிக்சல்களில் இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு குழுக்களாகப் பிரிக்கும்போது எந்த எல்லையில் குழுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று அதிகம் விலகி நிற்கின்றனவோ அதுவே எல்லை. இன்றும் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் மென்பொருள்களில் இந்த முறையும் இதன் வழிவந்தவைகளும் புழங்குகின்றன. நிழல் விழுந்த படத்தில் மட்டும் இது தடுமாறும். நிழல் மூலையின் தாளும் மையாகிவிடும். அங்கே ஒவ்வொரு பிக்சலையும் அதன் அயலின் சராசரியோடு ஒப்பிடும் முறை கைகொடுக்கிறது. அதற்கு முன்னே ஒரு வேலை இருக்கிறது. யன்னலோரம், நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில், கைபேசியின் நிழல் தாளில் விழாமல் படம் எடுப்பதுதான் அது. எந்த மென்பொருளும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லை எண் முறையிலும் ஒரு குறை உண்டு. பேனாக் கோட்டின் விளிம்பில் இருக்கும் பிக்சல் பாதி மை, பாதி தாள். அதை முழு மை என்றோ முழுத் தாள் என்றோ தீர்த்தால் கோடு படிக்கட்டாகிவிடும். அப்படியே விட்டால் கையொப்பத்தைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டம் தெரியும். இதற்கான விடை 1970களில் கணினி வரைகலையில் பிறந்தது. எட் கட்முல், அல்வி ரே ஸ்மித் இருவரும் நிறத்துக்குரிய மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். ஆல்பா என்று பெயர். அந்தப் பிக்சல் எவ்வளவு மறைக்கிறது என்பதை அது சொல்கிறது.

கணக்கு மிக எளிது. தாள் 240, மை 40, விளிம்புப் பிக்சல் 140 என்று கொள்வோம். தாளுக்கும் மைக்கும் இடைவெளி 200. தாளிலிருந்து இந்தப் பிக்சல் விலகியிருப்பது 100. ஆகவே மை பாதி. பிக்சலின் நிறத்தைத் தூய மையாக மாற்றி, ஆல்பாவைப் பாதியாக வைத்தால் தாள் முழுதாக விலகிவிடும். கண்ணாடியில் எழுதியது போல மை மட்டும் மிஞ்சும். பிறகு அதை மஞ்சள் தாளின் மேல் வைத்தாலும் புள்ளிக்கோட்டின் மேல் வைத்தாலும் விளிம்பு இயல்பாகக் கலக்கும். இலவச மென்பொருளான கிம்ப்பில், ஒரு நிறத்தை ஆல்பாவாக்கும் கட்டளை இந்தக் கணக்கைத்தான் செய்கிறது.

நீல மையில் ஒப்பமிடும் நம் வழக்கத்துக்கு இங்கே ஒரு பயன் கிடைக்கிறது. நீல மை சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது. ஆகவே படத்தின் சிவப்பு எண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் கையொப்பம் கரிய கோடாக நிற்கும். சிவப்பு முத்திரையின் மேல் ஒப்பம் விழுந்திருந்தால், அதே பார்வையில் முத்திரை தாளோடு ஏறக்குறையக் கரைந்துபோகும்.

கையொப்பத்தைத் தூரத்துக்கு அனுப்பும் ஆசை கணினியைவிட மூத்தது. இத்தாலியப் பாதிரியார் ஜியோவானி கசெல்லி உருவாக்கிய பான்டெலிகிராப் என்ற கருவி 1865 இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே தந்திக் கம்பியில் இயங்கியது. அனுப்புகிறவர் மின்சாரம் கடத்தாத மையால் உலோகத் தகட்டில் எழுதுவார். ஓர் ஊசி அதை வரிவரியாகத் தடவும். மறுமுனையில் இரசாயனத்தில் நனைத்த தாளில் அதே வரிகள் நீலமாக விழும். வங்கிகள் கையொப்பத்தைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தின. வரிவரியாகப் படிக்கும் இன்றைய ஸ்கேனரின் வேலைமுறை அப்போதே முழுமையாக இருந்திருக்கிறது.

பருமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். குமிழ்முனைப் பேனாவின் கோடு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் ஸ்கேன் செய்தால் கோட்டின் குறுக்கே ஆறு பிக்சல்கள் கிடைக்கும். 96 புள்ளிகளில் இரண்டே இரண்டு. வேர்ட் சேமிக்கும்போது படங்களைத் தானாகவே அடர்த்தி குறைப்பதும் உண்டு. படத்தைச் சுருக்க வேண்டாம் என்ற தெரிவை அமைப்புகளில் இட்டுவிடுவது நல்லது.

கோப்பில் வைக்கும் இடமும் தொல்லை தரும். செருகிய படத்தை வேர்ட் முதலில் ஒரு பெரிய எழுத்தாகவே கருதி வரிக்குள் நிறுத்துகிறது. வரி உயர்ந்து, கீழே இருப்பதெல்லாம் தள்ளப்படுகிறது. எழுத்துக்குப் பின்னால் என்று மாற்றினால் படம் மிதக்கும். மிதந்தாலும் ஏதோ ஒரு பந்தியோடு அது கட்டப்பட்டிருக்கும். மேலே இரண்டு வரி சேர்த்ததும் அந்தப் பந்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் கையொப்பமும் கூடவே போய்விடும். பெயரும் பதவியும் உள்ள பந்தியோடு கட்டுங்கள், சேர்ந்தே நகரும்.

கையெழுத்துப் போன்ற எழுத்துருவில் பெயரைத் தட்டச்சிடுவது வேறொரு வழி. கையொப்பம் என்ற வகையில் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் வளைகோடுகளால் ஒரே தடவை வரையப்பட்டது. 'ம' இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கும். மனிதக் கை அப்படி எழுதாது. மாற்று வடிவங்களைச் சுழற்சியில் தரும் எழுத்துருக்கள் உண்டு என்றாலும் அவற்றிலும் சில வடிவங்களே திரும்பத் திரும்ப வரும். அதோடு, எழுத்துரு கோப்புக்குள் பதிக்கப்படாவிட்டால் பெறுகிறவரின் கணினியில் வேறு எழுத்துரு வந்து நிற்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய முறை எழுத்துருவானால், அது இல்லாத கணினியில் பெயர் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். இங்கே அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

தொடுதிரையில் பேனாவால் நேரடியாக ஒப்பமிட்டால் கதை மாறுகிறது. கருவி, முனை இருக்கும் இடத்தை ஒரு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் குறித்துக்கொள்கிறது. நல்ல பேனாவானால் அழுத்தத்தையும் குறிக்கிறது. இதில் ஒரு உண்மை அடங்கியிருக்கிறது. பழகிய கையொப்பத்தைக் கை வரைவதில்லை, வீசுகிறது. கண் பார்த்துத் திருத்த நேரமில்லாத வேகத்தில், மூளையில் படிந்த ஓர் அசைவு முழுதாக வெளிப்படுகிறது. போலி செய்கிறவர் பார்த்துப் பார்த்து மெதுவாக இழுக்கிறார். கோட்டில் நடுக்கமும், தேவையற்ற இடத்தில் தயக்கமும், மழுங்கிய முனைகளும் வருகின்றன. ஆவணப் பரிசோதகர்கள் தேடுவது இவற்றைத்தான். வேகமும் அழுத்தமும் பதிந்த ஒப்பத்தில் வடிவத்துக்கு அப்பாலும் ஒப்பிட ஏதோ இருக்கிறது. செருகிய படத்தில் வடிவம் மட்டுமே.

அந்த வடிவத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை நம்மில் மிகச் சிலரே அறிந்திருக்கிறார்கள். இன்றைய வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே கோப்புறைகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் செருகிய படங்கள் எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். நீங்கள் பாடுபட்டுத் தாளை நீக்கிச் சுத்தமாக்கிய கையொப்பம், எந்தக் கடிதத்திலும் ஒட்டத் தயாராக அங்கே கிடக்கிறது. படத்தை வேர்டிலேயே வெட்டியிருந்தால் வெட்டிய பகுதியும் அழியாமல் உள்ளே இருக்கலாம். அதே தாளில் தேசிய அடையாள அட்டை இலக்கம் எழுதியிருந்தால் அதுவும் போய்ச் சேரும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். அதிலிருந்தும் படங்களைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே கையொப்பப் படம் உள்ள வேர்ட் கோப்பைக் கடைக் கணினியில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு சங்கத்தின் வங்கிக் கணக்கை இயக்கும் ஒப்பமாக இருந்தால் அதைப் படமாக்கவே வேண்டாம் என்பேன்.

கோப்பை உண்மையாகவே பூட்டும் கையொப்பம் வேறு. அதன் எண்ணத்தை 1976 இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் மூவரும் நடைமுறைக்கேற்ற முறையைக் கண்டார்கள். முதலில் ஆவணம் முழுவதையும் ஒரு கணக்கினூடாகச் செலுத்தி, நிலையான நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்குகிறார்கள். இன்று பரவலாக உள்ள முறையில் அது 256 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 256 இலக்கங்கள் நீளம். ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த எண்ணில் ஏறக்குறையப் பாதிப் பிட்கள் மாறிவிடும். ஒப்பமிடுகிறவர் தன்னிடம் மட்டும் உள்ள இரகசிய எண்ணான திறவுகோலால் அந்த எண்ணுக்கு ஒப்பமிடுகிறார். அதற்கு இணையாக எல்லோருக்கும் தெரியும்படி விடப்பட்ட அவருடைய பொதுத் திறவுகோலால் எவரும் சரிபார்க்கலாம். கடிதத்தில் 'ரூபா 15,000' என்பதை '75,000' ஆக்கினால் ஒப்பம் செல்லாது என்று கணினியே சொல்லிவிடும். செருகிய படத்துக்கு இந்தத் தொடர்பு அறவே இல்லை. மேலே எதை மாற்றினாலும் அது அசையாமல் இருக்கும்.

வேர்டிலும், இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸிலும் இந்த வசதி இருக்கிறது. வேர்டின் கையொப்பக் கோட்டில் உங்கள் ஒப்பத்தின் படத்தையும் இடலாம். ஆனால் அங்கே படம் பார்வைக்கு மட்டும், பூட்டுவது கணக்கு. அந்தப் பொதுத் திறவுகோல் இன்னாருடையதுதான் என்று ஒரு மூன்றாம் தரப்பு சான்று தர வேண்டும். நம் நாடான இலங்கையில் லங்காசைன் அத்தகைய சான்றிதழ் சேவை.

சட்டம் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தில் தொடங்குகிறது. 2017 இல் அது திருத்தப்பட்டது. எந்தத் தொழில்நுட்பம் என்று அது பிடிவாதம் பிடிப்பதில்லை. ஒப்பமிட்டவர் யார், அவருடைய எண்ணம் என்ன என்பதை அந்த முறை காட்டுகிறதா, அந்தக் காரியத்துக்கு அது போதிய நம்பகம் உடையதா என்றே பார்க்கிறது. கூட்ட அழைப்புக்கும் நன்றிக் கடிதத்துக்கும் செருகிய படம் போதும். பணம், ஒப்பந்தம், பொறுப்பு என்று வரும்போது சான்றிதழோடு கூடிய ஒப்பம் வேண்டும். இல்லையேல் தாளும் பேனாவும். காணி உறுதி இந்த வரிசையிலேயே சேராது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் ஆகக்குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்க, நேரில் போய் ஒப்பமிட வேண்டும்.