பூச்சியம் என்று எழுதுவதற்கு முன்

கடந்த வாரம் மீண்டும் ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்தது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள ஒரு கோயிற்குளத்தின் கரையோரப் பகுதியை நிரப்புவது பற்றிய சூழல் மதிப்பீடு அது. நீர்கொள்ளளவு, நிலத்தடி நீர் மீள்நிரம்பல், பறவைகள் எல்லாம் ஒழுங்காக அளக்கப்பட்டிருந்தன. "கலாசாரப் பயன்கள்" என்ற நிரலில் மட்டும் பூச்சியம். இந்த ஆண்டில் நான் காணும் நான்காவது பூச்சியம் இது.

மூலப் படிவங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "இக்குளத்தைப் பாதுகாக்க மாதம் எவ்வளவு பணம் செலுத்துவீர்கள்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் "ஒன்றுமில்லை" என்றிருந்தனர். ஒரு படிவத்தின் ஓரத்தில், கணக்கெடுத்த பிள்ளை நேர்மையாக எழுதி வைத்திருந்தது: "பிள்ளையார் தீர்த்தமாடுற குளத்துக்கு என்னட்டை விலை கேக்கிறியளோ?" அந்தப் பெரியவரின் கோபமும் கூட்டுத்தொகையில் பூச்சியமாகவே சேர்ந்திருக்கிறது.

பணம் தர மறுப்பவர் அனைவரும் அப்பொருளை மதியாதவர்கள் என்று கொள்வதுதான் எனக்குப் பொறுக்கமுடியாத பிழை. ஒருவர் கையில் காசில்லாததால் மறுக்கலாம். அது பிரதேச சபையின் பொறுப்பு என்று கருதி மறுக்கலாம். கேள்வியே அவமதிப்பாகப் பட்டதாலும் மறுக்கலாம். பின்னைய இரண்டையும் எதிர்ப்புப் பூச்சியம் என்று வேறாகப் பிரித்து வைப்பது இத்துறையின் அரிச்சுவடி. அதற்கு வேண்டியது "ஏன்?" என்ற ஒற்றைக் கேள்வி. அந்தக் கேள்வி அப்படிவத்தில் இருக்கவில்லை. மேலும், தொகையை மட்டும் கூட்டினால், வசதியுள்ளவரின் சிறு விருப்பம் கூலித்தொழிலாளியின் பெரும்பற்றை விடக் கனமாகிவிடும்.

ஓரிடத்துக்குப் போய்வர மக்கள் செலவிடுவதைக் கொண்டு அதன் மதிப்பைக் கணிக்கும் பயணச் செலவு முறையிலும் இதே கதைதான். 1947 இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹோட்டலிங் முன்வைத்த அக்கருத்து, காரைநகர் கசூரினா கடற்கரை போன்ற பொழுதுபோக்கு இடங்களுக்கு நன்றாகவே பொருந்தும். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் பிதிர்க்கடன் கழிக்கும் தீர்த்தமான கீரிமலைக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்காக அங்கே நினைத்தபடி போகமுடியாமல் இருந்தார்கள். போகாதவரின் பயணச் செலவு பூச்சியம். ஆடி அமாவாசையன்று வேறெங்கோ நின்று தகப்பனுக்கு எள்ளுந் தண்ணீரும் இறைத்தவருக்குக் கீரிமலை பூச்சியமாகவா இருந்தது? இப்போது சிலர் இணையத்தில் ஏற்றப்பட்ட புகைப்படங்களை எண்ணி மதிப்பிடுகிறார்கள். பிதிர்க்கடன் கழிக்க வந்தவர் செல்பி எடுப்பதில்லை என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

ஆன்மிகம், அழகு, கல்வி, மரபு, இடத்தின் மீதான பற்று ஆகியவற்றை ஐ.நா. அழைப்பில் உருவான 2005 ஆம் ஆண்டின் ஆயிரமாண்டுச் சூழற்றொகுதி மதிப்பீடே கலாசாரச் சேவைகளாக வகுத்துவிட்டது. மனிதருக்கும் இயற்கைக்கும் இடையிலான உறவே ஒரு தனி விழுமியம் என்பதை உயிர்ப்பல்வகைமை பற்றிய அரசுகளுக்கிடையிலான அமைப்பான ஐபிபிஈஎஸ் (IPBES) 2022 இல் வெளியிட்ட மதிப்பீடு விரித்துரைத்தது. ஆகவே "அளவிட முடியாது" என்று கைவிரிப்பதும் சோம்பல்தான். எத்தனை குடும்பங்கள், ஆண்டில் எந்த நாட்களில், எதற்காக வருகின்றன, இந்த இடம் இல்லாவிட்டால் எங்கே போவார்கள் என்பவை எல்லாம் எண்ணக்கூடியவை. ரூபாயில் மாற்றாமலே எண்ணலாம்.

களத்துக்குப் போகும் இளையவர்களே, ஆவணி வெயிலில் வற்றிய குளத்தைப் பார்த்துவிட்டு "பயன்பாடு இல்லை" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மாரியில் ஒருமுறையும் தீர்த்தத் திருவிழாவன்று ஒருமுறையும் போங்கள். கோயில் அறங்காவலரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். பெண்களை, மாடு மேய்ப்பவர்களை, நீந்தப் பழகும் பிள்ளைகளைத் தனித்தனியே இருத்தி, ஊர்ப்படம் ஒன்றை விரித்து, அவர்கள் கையாலேயே இடங்களைக் குறிக்கச் செய்யுங்கள். ஒரு காலத்தில் அக்குளத்தில் இறங்க விடப்படாதவர்களிடமும் கேளுங்கள். அவர்களின் படம் வேறாக இருக்கும், அதையும் அறிக்கையில் சேர்க்கவேண்டும். பணக் கேள்வி கட்டாயமென்றால் கடைசியில் கேளுங்கள், மறுப்புக்கான காரணத்துடன்.

அந்த அறிக்கையைக் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குளம் மார்கழியில் நிறைந்திருக்கும். அப்போது போய் மறுபடி கேட்டு வரட்டும். முதலில் அந்தப் பெரியவரின் வீட்டுக்கு.