மூன்று கிழமை கழித்து வந்த தலையிடி

வேளாண்மை வெட்டு முடிந்த நேரம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வாடிக்குள் குனிந்து நுழைந்த பெரியப்பாவின் உச்சந்தலையில் கூரை வளை இடித்தது. கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டார், அவ்வளவுதான். காயமும் இல்லை, மயக்கமும் இல்லை. மூன்று கிழமை கழித்து லேசான தலையிடி தொடங்கியது. அப்புறம் ஒருநாள் முற்றத்தில் வலக்கால் செருப்பு கழன்று கிடந்ததே தெரியாமல், வெறுங்காலோடு கிணற்றடி வரை போய்விட்டார். "வயசு போனா இப்பிடித்தான்" என்றா பெரியம்மா. ஸ்கேனில் பார்த்தால், மூளையின் இடப்பக்கம் ஒரு விரல் தடிப்புக்குப் பழைய ரத்தம்.

தலையில் அடிபட்டால் எந்த ரத்தக் குழாய் கிழிந்தது என்பதுதான் முதல் கேள்வி. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் நாடியா, திருப்பிக் கொண்டுபோகும் நாளமா? கன்னப்பொறியில் எலும்பு மெல்லியது. அதன் உட்பக்கத்தில் மூளை உறையின் நடு நாடி ஓடுகிறது. மோட்டார் சைக்கிளால் விழுந்தவருக்கு அங்கே எலும்பு வெடித்தால் நாடியும் கிழியலாம். நாடி ரத்தம் அழுத்தத்தோடு பாய்வது. மண்டையோடோ விரியாத பெட்டி. பேசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தவர் சில மணி நேரத்தில் நினைவிழந்து போவது இதனால்தான். உடனே எலும்பைத் திறந்து, ரத்தக் கட்டியை எடுத்து, நாடியை அடைக்க வேண்டும்.

பெரியப்பாவுக்குக் கிழிந்தது நாளம். மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளி உறைக்குச் சில நாளங்கள் பாலம் போட்டதுபோலப் போகின்றன. வயதாக ஆக மூளை சுருங்கும்; கரை விலகினால் பாலம் இழுபடும்தானே? சின்ன இடி போதும். அஸ்பிரின் போன்ற மருந்து குடிப்பவர்களுக்கு இன்னும் சுலபமாக ரத்தம் கசியும்.

கசிந்தது கொஞ்ச ரத்தம்தான். ஆனால் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கிறது. அந்தச் சவ்வில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, எல்லாம் பலவீனமானவை. அவை கசிய, தேக்கம் பெருக, திரும்பவும் கசிவு. அங்கே ரத்தம் ஒழுங்காக உறைவதும் இல்லை. காயத்தை ஆற்ற வந்ததே காயத்தை வளர்க்கிறது. எனக்கு இதில் மிக விசித்திரமாகப் படுவது இதுதான்.

இதற்குப் பெரிய ஒப்பரேசன் பெரும்பாலும் தேவையில்லை. எலும்பில் ஒன்றோ இரண்டோ சிறு துளை. உறையைக் கீறியதும் பழைய எஞ்சின் ஒயில் நிறத்தில் திரவம் வரும். கழுவிவிட்டு மெல்லிய குழாயொன்றை இரண்டு நாள் விட்டுவைப்பார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குழாய் விடாதவர்களில் 24 சதவீதமானோருக்குத் தேக்கம் மறுபடி வந்தது. விட்டவர்களில் 9 சதவீதம்தான்.

மறுபடி வருவதற்குக் காரணம், சவ்வின் ரத்தக் குழாய்கள் அப்படியே இருப்பது. அவற்றுக்கு ரத்தம் கொடுப்பது யார் என்று தேடினால், அதே நடு நாடி! எனவே மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ நூல்போன்ற குழாயை அதுவரை செலுத்தி, பசை போன்ற திரவத்தால் உள்ளிருந்தே அடைக்கிறார்கள். 2024இல் வெளியான ஆய்வொன்றில், ஒப்பரேசனோடு இதையும் செய்தவர்களில் 4.1 சதவீதமானோருக்கே மறு ஒப்பரேசன் தேவைப்பட்டது, செய்யாதவர்களில் 11.3. ஆனால் அடைப்பின் பலன் தெரியக் கிழமைகள் ஆகும். பெரியப்பாவைப்போலக் கால் இழுக்கத் தொடங்கியவருக்கு முதலில் துளைதான்.