வாளைச் சாய்த்தால் ஏன் நிற்கிறது?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ரப்பர் தடி வெட்டுகிற மெஷின் வாள். காலையில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிடம் ஓடியதும், மரத்தின் மூட்டில் அறுக்க வாளைப் படுக்கவைத்தால் மூச்சுமுட்டி நின்றுவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்துவிட்டால் ஓடுகிறது. பிளக் மாற்றியாச்சு, ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு. பம்பில் இப்போது வரும் எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். சைலன்சரில் ஓட்டை போட்டால் சரியாகும் என்கிறார் ஒருவர். எதை நம்ப?"

எத்தனால் பேச்சில் பாதி உண்மை. சைலன்சர் பேச்சு பிஸ்டனுக்கு வைக்கும் கொள்ளி. கேள்விக்கான பதில் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது: சோக் இழுத்தால் ஓடுகிறது. சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு. காற்றைக் குறைத்தால்தான் ஓடுகிறது என்றால், வந்துசேரும் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஏன் போதவில்லை, அதுவும் சாய்த்தால் மட்டும்?

டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பற்றிப் பள்ளியில் படித்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். பிஸ்டன் மேலே போகும்போது, மேலே இருக்கும் காற்று-பெட்ரோல் கலவை அமுங்குகிறது. அதே நேரத்தில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகிப் புதுக் கலவையை உறிஞ்சுகிறது. தீப்பொறி, வெடிப்பு, பிஸ்டன் கீழே. இறங்கும் பிஸ்டன் கிராங்க் கேஸில் இருப்பதை அமுக்கி, பக்கவாட்டுத் துளைகள் வழியே மேலே தள்ளுகிறது. புகை எக்ஸாஸ்ட் வழியே வெளியேறுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1889இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் சாரம் இது. எஞ்சினின் வயிறு ஒரே சுற்றில் ஒருமுறை உறிஞ்சுகிறது, ஒருமுறை ஊதுகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டரில் ஒரு மிதவை உண்டு. தொட்டியில் பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறி ஊசியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். அருமையான ஏற்பாடுதான், ஆனால் அதற்கு மேல் கீழ் தெரிந்தாக வேண்டும். ஆரம்பகால மெஷின் வாள்களுக்கு இதுவே பெரிய தலைவலி. மரத்தைக் குறுக்கே அறுக்கும்போதும் எஞ்சின் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்காக, பிளேடை மட்டும் திருப்பி வைக்கும் கனத்த அமைப்புகளைச் சுமந்து திரிந்தார்கள்.

அந்தத் தலைவலியைத் தீர்த்தது, தபால்தலை அளவேயான இரண்டு சவ்வுகள். மெக்கானிக் மொழியில் டயாப்ரம். இந்த எஞ்சினில் என்னை மயக்கும் பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் சவ்வு பம்பு. கிராங்க் கேஸிலிருந்து ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வழி கார்புரேட்டருக்கு வருகிறது. எஞ்சின் வயிறு உறிஞ்சும்போது சவ்வு ஒரு பக்கம் குழிகிறது, ஊதும்போது மறுபக்கம் புடைக்கிறது. மழைக்காலத்தில் வயல்வரப்பில் தவளையின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; தவளை அப்படித்தான் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அதே வேலை, நொடிக்கு இருநூறு தடவை (நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் வாளில்). பெட்ரோல் திரும்பி ஓடாமலிருக்க அடிபம்பில் தோல் வாஷர் வைத்திருப்பதுபோல, இந்தச் சவ்விலேயே நாக்குபோல இரண்டு மடல்களை வெட்டி விட்டிருப்பார்கள். ஒன்று உள்ளே விடும், ஒன்று வெளியே விடும். பம்புக்கென்று தனி மோட்டார் இல்லை, கம்பி இல்லை. எஞ்சின் விடும் மூச்சே அதன் வாய்க்குத் தீனி ஊட்டுகிறது.

இரண்டாவது சவ்வு அளவு பார்ப்பது. அதன் ஒரு பக்கம் பெட்ரோல் அறை. மறுபக்கம் மூடியில் ஒரு துளை, அதன் வழியே வெளிக்காற்று. கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறைந்து அறையிலிருக்கும் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அறை காலியாகக் காலியாக வெளிக்காற்று சவ்வை உள்ளே அமுக்குகிறது. சவ்வு ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த, ஊசி திறந்து பம்பு அனுப்பும் பெட்ரோல் உள்ளே வருகிறது. அறை நிறைந்ததும் ஸ்பிரிங் நெம்புகோலைத் திரும்பத் தள்ளி ஊசியை மூடுகிறது. இதில் புவியீர்ப்புக்கு வேலையே இல்லை. தலைகீழாகப் பிடித்தாலும் வாளுக்குத் தெரியாது. மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும் வாள் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது, மருந்துச் சொட்டு ஒன்றில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதை இந்தச் சவ்வு தப்பாமல் அளந்து கொடுக்கிறது.

சவ்வு விறைத்துப்போனால்? பம்பின் வீச்சு குறையும், மடல்கள் சுருண்டு சரியாக மூடாது. டேங்கில் பெட்ரோல் மேலேயிருந்து தானாக இறங்கும் நிலையில் எப்படியோ சமாளிக்கும். சாய்த்ததும் மேலே இழுக்கத் தெம்பில்லாமல் நின்றுவிடும். வாசகரின் வாளுக்கு நோய் பெரும்பாலும் இதுதான். சோக் இழுத்தால் உறிஞ்சும் விசை கூடுவதால் விறைத்த சவ்வும் கொஞ்சம் அசைகிறது.

இனி எத்தனால். இந்தியாவில் பம்பு பெட்ரோலில் 2022இல் 10 சதவீதமாக இருந்த எத்தனால் 2025இல் 20 ஆகிவிட்டது. கார்புரேட்டர் திருகாணியைக் கையால் சரிசெய்யும் பெரும்பாலான வாள்களின் கையேடுகள் 10 வரைதான் ஒப்புக்கொள்கின்றன. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும், ஏனென்றால் அது ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே சுமந்து வருகிறது. ஆகவே எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்குத் திருகிய கார்புரேட்டரில் இ20 (20 சதவீத எத்தனால் பெட்ரோல்) ஊற்றினால் கலவை சுமார் 7 சதவீதம் வறண்டுவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. கார் கம்ப்யூட்டர் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். வாளுக்குக் கம்ப்யூட்டர் அதைப் பிடித்திருக்கும் ஆள்தான்.

அடுத்தது சவ்வு. ஊரே ரப்பர் விளை என்றாலும், நம் மரத்துப் பாலில் வரும் ரப்பர் இதற்கு உதவாது. பெட்ரோலில் ஊதிக் கொழகொழத்துப்போகும். எனவே நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் பூசிய துணியையோ பாலியெஸ்டர் படலத்தையோ போடுகிறார்கள். நைட்ரைலையும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஊதவைத்து, அதிலிருக்கும் மென்மையூட்டும் பொருளைக் கரைத்து எடுத்துவிடுகிறது. வாளை ஒரு மாதம் மூலையில் வைத்தால் பெட்ரோல் ஆவியாகி, சவ்வு சுருங்கி, உலர்ந்த அப்பளம்போல் மடமடக்கிறது. இதைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் சவ்வுகள் இருக்கின்றன, விலைதான் கூட. எரிபொருளை மாற்றுவதற்குச் செலவழிக்கும் தொகையில் ஒரு துளியை, பழைய சிறு எஞ்சின்களுக்கு மலிவான சவ்வு செய்யும் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கலாம். ரப்பர் ஆராய்ச்சிக்கென்றே கோட்டயத்தில் 1955 முதல் நிறுவனம் வைத்திருக்கும் நாடு இது.

மூன்றாவது தண்ணீர். எத்தனாலுக்குத் தண்ணீர்மேல் தீராத ஆசை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் நனைக்கும் குமரி மாவட்டத்தில், கேனின் லூசான மூடி, ஈரப் புனல் என்று தண்ணீர் சேர வழிக்குப் பஞ்சமில்லை. பத்து சதவீதக் கலவை லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி தண்ணீர்வரை தாங்கும், இருபது இன்னும் கொஞ்சம் கூடுதலாக. எல்லை தாண்டியதும், அல்லது பேச்சிப்பாறைப் பக்கத்து மார்கழி இரவில் குளிர்ந்ததும், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். நாம் ஊற்றிய டூடி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்குக்குள் எடைகட்டி விட்டிருக்கும் ஃபில்டர் தலை கிடப்பது அடியில்! எஞ்சின் முதலில் குடிப்பது ஆயிலே இல்லாத சாராயத் தண்ணீரை. கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். கீழே தனி அடுக்கு தெரிந்தால் மொத்தக் கேனையும் ஒதுக்கிவிடுங்கள். குலுக்கிக் கலக்கி ஊற்றுவது ஏமாற்று வேலை. வேண்டுமென்றே தண்ணீர் விட்டு எத்தனாலைக் கழுவி எடுக்கும் வித்தையும் உலவுகிறது. கழுவிய பெட்ரோலில் ஆக்டேனும் இறங்கியிருக்கும், ஈரமும் மிஞ்சியிருக்கும். வேண்டாம்.

சரி, பழுது பார்ப்போம். டயாப்ரம் கிட் வாங்கும்போது கார்புரேட்டர் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி வாங்குங்கள். வாளின் பெயர் மட்டும் போதாது. பிரிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் பம்பு பக்கம் முதலில் சவ்வு உடம்பைத் தொட வேண்டும், அதன்மேல் கேஸ்கெட் (ஒழுகாமல் அடைக்கும் தாள்). அளவுச் சவ்வின் பக்கம் நேர்மாறு: முதலில் கேஸ்கெட், பிறகு சவ்வு. இதை மாற்றிப்போட்டுவிட்டு "கிட் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. நெம்புகோலின் உயரம் பல ஸாமா கம்பெனி கார்புரேட்டர்களில் அறையின் தரையோடு ஒரே மட்டம். வால்ப்ரோ கம்பெனியுடையதில் வேறு, அதற்கென்று அளவுத் தகடு உண்டு. துளைகளில் கம்பி விடாதீர்கள், கிளீனர் ஸ்ப்ரே போதும். டேங்க் ஃபில்டரையும் வெடித்த பெட்ரோல் குழாயையும் கூடவே மாற்றுங்கள்.

அதன்பிறகும் ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் இறங்காமல் இரைந்துகொண்டே இருந்தால், கிராங்க் சீலிலோ இன்டேக் ரப்பரிலோ காற்று ஒழுகுகிறது. அதைத் திருகாணியால் மறைக்கப் பார்த்தால் பிஸ்டன் போகும்.

திருகாணிகள் மூன்று. எல் குறைந்த வேகத்துக்கும் எச் முழு வேகத்துக்கும் பெட்ரோலை அளக்கிறவை. இரண்டையும் மெல்ல இறுக்கி, தட்டியதும் நிறுத்தி, ஒரு சுற்று திறப்பது பல வாள்களுக்குத் தொடக்க நிலை. பிளேடும் செயினும் மாட்டி, சூடான பிறகே மற்றது. மூன்றாவது ஐடில் திருகாணி. சும்மா ஓடும்போது செயின் அசையவே கூடாது. எச் திருகாணிக்குக் காதுதான் கருவி. முழு ஆக்சிலேட்டரில், மரத்தில் வைக்காமல், சத்தம் கரகரவென்று உடைந்து வர வேண்டும். பெட்ரோல் சற்றுக் கூடுதலாக இருப்பதால் ஒரு சுற்று பற்றாமல் போய் அடுத்த சுற்றில் பற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்போல் ஒலிக்கிறது. மரத்தில் அழுத்தியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். எந்நேரமும் கூர்மையாக வீரிட்டால் கலவை வறண்டிருக்கிறது, எச்சை இடப்பக்கம் திருகிக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். இ20க்குச் செய்ய வேண்டிய திருத்தமும் இதுவே. ஒரு கண்ணி: வேகக்கட்டுப்பாடு உள்ள இக்னிஷன் காயில் (தீப்பொறி தரும் சுருள்) போட்ட புது வாள்களில், உச்ச வேகத்தில் காயிலே பொறியைத் தவறவிட்டு இதே கரகரப்பைப் போலியாகத் தரும். அவற்றுக்குச் சுற்று எண்ணும் டேக்கோமீட்டர் வேண்டும்.

ஆயில் கணக்கு: 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40க்கு 1 என்றால் 25, 25க்கு 1 என்றால் 40. டப்பாவில் ஜாஸோ எஃப்டி (டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான தர முத்திரை) என்று இருக்கட்டும். பாட்டில் மூடியால் அளப்பது அளவல்ல. பத்து ரூபாய்க்கு சிரிஞ்ச் கிடைக்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றும் டிசி-டபிள்யூ3 ஆயில், கடல்நீரில் குளிரும் எஞ்சினுக்கானது. காற்றில் குளிரும் வாளின் சூட்டில் ரிங் ஒட்டிக்கொள்ளும். "பயத்துக்கு" ஆயிலைக் கூட்டுகிறவர்களுக்கு ஒன்று: அதே துளை வழியே ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறையும், கலவை மேலும் வறளும். பாச்சா உருண்டை, மண்ணெண்ணெய் கலப்பதெல்லாம் வெறும் மூடநம்பிக்கை. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது கார்புரேட்டருக்குள் போவதில்லை.

சைலன்சருக்கு வருவோம். ஓட்டை போட்டால் புகை எளிதாக வெளியேறி காற்று அதிகம் உள்ளே வரும். பெட்ரோல் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் கலவை வறண்டு, அலுமினியப் பிஸ்டன் உப்பி, எக்ஸாஸ்ட் பக்கம் உரசிக் கிழியும். சைலன்சரின் போல்ட்டைக் கழற்றித் துளை வழியே பாருங்கள்: அந்த ஒரு பக்கம் மட்டும் கீறல் என்றால் பெரும்பாலும் வறட்சி, சுற்றிலும் கீறல் என்றால் ஆயில் ஊற்ற மறந்த வாள். ஓட்டை போடுவோர் தீப்பொறி தடுக்கும் வலையையும் பிடுங்கிவிடுகிறார்கள். டிசம்பர் கடைசியில் ரப்பர் இலை உதிர்ந்து விளை முழுக்கச் சருகு மெத்தையாகக் கிடக்கும்போது அது தீக்குச்சி உரசுவதற்குச் சமம்.

வாளுக்கு வேகம் வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் செயின். 0.325 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், பெரிய 3/8 அங்குலத்துக்கு 5.2 அல்லது 5.5, சாய்வு 30 பாகை. பல்லுக்கு முன்னிருக்கும் மேடு பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வு. "நன்றாகக் கடிக்கும்" என்று அதை மேலும் தேய்த்தால் வாள் முகத்துக்கு உதைத்து எழும். செயின் அப்போது நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் இருக்கும். செயின் பிரேக்கைக் கழற்றுவது, எஞ்சினுக்கு மீறிய நீளப் பிளேடு மாட்டுவது இரண்டையும் மாற்றம் என்று சொல்வதே தவறு. செயினுக்குக் கரி ஆயில் ஊற்றுவதும் வேண்டாம். அதிலிருக்கும் உலோகத்தூள் பிளேடைத் தின்னும், தெறிப்பது தோலில் சேரும், அது புற்றுநோய்ப் பொருள்.

வேலை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் வாள் சும்மா இருக்கும் என்றால் டேங்கைக் காலிசெய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, சோக் போட்டு இன்னும் இரண்டு தடவை இழுத்துவிடுங்கள். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் அளவுக்கே கலக்குங்கள்; மினரல் வாட்டர் பாட்டிலில் அல்ல, இறுக மூடும் கேனில், கலந்த தேதியை மேலே எழுதி.