பிளாக் ஃபிளை: கறுப்பு ஈயா, ஓடை ஈயா?

பிளாக் ஃபிளை என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் "கறுப்பு ஈ" என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்திலேயே அது குழப்பமான பெயர். அவரைக் குருத்தில் அப்பிக் கிடக்கும் கறுப்பு அழுக்கணவனையும் (தமிழகத்தில் அசுவினி) அப்படித்தான் சொல்வார்கள். அது சாறு உறிஞ்சும் பூச்சி, ஈயே அல்ல. இங்கே பேசுவது இரத்தம் குடிக்கும் சிமுலியம் பற்றி. இதிலும் எல்லாம் கறுப்பில்லை, பழுப்பு நிறத்திலும் உண்டு.

கொசு என்றும் சொல்ல முடியாது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொசு என்றால் கடிக்கும். யாழ்ப்பாணத்தில் கடிப்பது நுளம்பு. கொசு பழத்தில் மொய்க்கிற சின்ன ஈ. அகராதிகள் பெருங்கொசு என்று பொருள் தரும் "உலங்கு" இருக்கிறதே என்றால், நம் காதில் அது உலங்கு வானூர்தியோடு (ஹெலிகொப்டர்) ஒட்டிப்போன சொல். ஆகவே "ஓடை ஈ" என்பதே பொருத்தம். பிறக்கும் இடமே இதன் அடையாளம்.

பீலியிலிருந்து (ஓடை நீர் கொட்டும் குழாய்) தண்ணீர் வேகமாகப் பாயும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் தடித்து, 5 முதல் 10 மில்லிமீற்றர் நீளத்தில் புழுக்கள் நிற்கும். கல்லில் ஒரு பட்டுத் திட்டை ஒட்டி, வால்முனைக் கொக்கிகளால் அதைப் பற்றிக்கொள்ளும். தலையில் இரண்டு விசிறிகள். ஓடும் நீரில் வரும் துகள்களை அவை வடித்தெடுக்கும். கூட்டுப்புழு செருப்பு வடிவப் பட்டுக்கூட்டில் இருக்கும். வெளியே நீட்டிய இழைகள்தான் அதன் செவுள். ஈ வெளிவரும்போது காற்றுக் குமிழிக்குள் இருந்தபடியே மேலே மிதந்து வரும். அதே புழுவை வாளித் தண்ணீரில் போட்டால் பிழைக்காது.

இதனால்தான் நுளம்புக்குச் செய்யும் வேலை இதற்குச் சரிவராது. டயர் கவிழ்ப்பதில் பயனில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினால் ஓட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும், தண்ணீரும் கெடும். கானுக்குள் (வடிகால்) தொங்கும் புல், கொடி, சிக்கிய பொலித்தீன் ஆகியவற்றை அகற்றினால் புழு ஒட்ட இடம் குறையும். பெரிய அளவில் பிடிஐ என்னும் பக்டீரியா மருந்து உதவும்: விசிறி வடித்த துகளோடு அதையும் விழுங்கிப் புழு சாகும். நாமே ஊற்ற வேண்டாம், குடிநீர் ஓடை என்றால் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்க வேண்டும்.

கடிப்பது பெண் ஈ மட்டும், அதுவும் பகலில், வெளியில். 2 முதல் 5 மில்லிமீற்றர் உடல், கூன் முதுகு. நுளம்பு போல ஊசி ஏற்றாது. தோலைக் கீறி, தேங்கும் இரத்தத்தை நக்கும். எச்சில் இரத்தத்தை உறையவிடாது. கடிக்கும்போது பெரும்பாலும் தெரியாது, பிறகு நடுவில் இரத்தப் புள்ளியோடு வீங்கி நாட்கணக்கில் அரிக்கும். சொறிந்தால் சீழ் பிடிக்கலாம். கடும் நிற உடைக்கு அதிகம் வரும். கொழுந்து பறிக்கையில் வெளிர் நிற முழுக்கை உதவும்.

ஆபிரிக்காவில் சிமுலியத்தின் சில இனங்கள் ஆற்றுக் குருடு என்னும், பார்வையைப் பறிக்கும் நோயைப் பரப்புகின்றன. 1926இல் சியரா லியோனில் பிளாக்லாக் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார். ஈ உறிஞ்சிய, அந்நோயைத் தரும் ஒங்கோசேர்கா நுண்புழு அதன் மார்புத் தசையில் ஒரு வாரம் போல வளர்ந்து, வாய்க்கு வந்து, அடுத்தவரின் தோலில் இறங்கும். அந்த நோய் இலங்கையில் இல்லை. இங்கே யானைக்கால் புழுவைப் பரப்பியது நுளம்பு. தோலில் புண் உண்டாக்கும் லீஷ்மேனியா நோயைப் பரப்புவது மணல் ஈ. மணல் ஈ தண்ணீரில் வளராது, அந்தி, இரவில் கடிக்கும். கடித்த இடம் வலியின்றி வாரக்கணக்கில் ஆறாத புண்ணாக நின்றால், ஓடை ஈ என்று விட்டுவிடாமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.