30 என்ற எண்ணை எழுதாமல் விட்டபோது

மருந்துக்கடை ஒன்றின் ஆர்டர் தளத்தைச் சில ஆண்டுகள் பராமரித்தேன். பழைய பதிவுகளை அழிப்பதற்கு அதில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய சிறிய நிரல் ஒன்று இருந்தது. கட்டளை வரியில் நிரலின் பெயரை எழுதி, பக்கத்தில் 30 என்று கொடுத்தால், 30 நாளுக்கு முந்தையவை அழிந்துவிடும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓடவிடும் கிரான் அதை இரவுதோறும் இயக்கும்.

ஒரு நாள் காலையில் கடைக்காரர் அழைத்தார். "தம்பி, வந்திருந்த ஆர்டர் ஒன்றைக்கூடக் காணவில்லை."

முந்தைய நாள்தான் சர்வரை மாற்றியிருந்தோம். கிரான் வரியைத் திரும்ப எழுதியபோது கடைசியில் இருந்த 30 விடுபட்டுவிட்டது. கட்டளை வரியில் நாம் தருவதை பிஎச்பி, 'ஆர்க்வி' என்ற அணியில், அதாவது மதிப்புகளின் வரிசைப் பட்டியலில் போட்டு, நிரலிடம் கொடுக்கிறது. அதன் 0-ஆவது இடத்தில் நிரலின் பெயர் இருக்கும்; நாம் தரும் முதல் மதிப்பு 1-ஆவது இடத்தில். அந்த இடம் இல்லையென்றால் பிஎச்பி ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு மேலே போய்விடும், நிற்காது. இல்லாத மதிப்பை முழு எண்ணாக மாற்றினால் கிடைப்பது 0. பூஜ்ஜியம் நாளுக்கு முந்தையவை என்றால், அந்த நொடிவரை இருந்த அத்தனையும்தான்.

பேக்கப்பிலிருந்து முந்தைய நாள் மதியம்வரை மீட்டோம். அதற்குப் பின் வந்தவற்றைக் கடைக்காரர் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டு நோட்டில் எழுதினார். அதில் இன்சுலின் ஆர்டர்களும் இருந்தன. அதை இன்றும் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அழிக்கும் நிரல் எதுவானாலும் முதல் வேலையாக எத்தனை மதிப்புகள் வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்து, வந்தது முழுவதும் இலக்கங்கள்தானா என்று பார்க்க வேண்டும். 30-இல் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' விழுந்தால், பிஎச்பியின் எண் மாற்றம் அதை 3 என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்று சொல்லாது. 1-க்குக் குறைவான எண் வந்தாலும் செய்தி எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிட வேண்டும்.

அன்று இன்னொன்றையும் கவனித்தேன். அந்த நிரல் வலைத்தளக் கோப்புறைக்குள்ளேயே கிடந்தது. முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் உலாவியில் திறந்து அதே அழிவைச் செய்திருக்கலாம். இத்தகைய நிரல்களை அந்தக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். நிரல் கட்டளை வரியிலிருந்துதான் ஓடுகிறதா என்று, அது எந்த வழியில் ஓடுகிறது எனச் சொல்லும் 'பிஎச்பி_எஸ்ஏபிஐ' மாறிலியைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஆர்க்வி இருக்கிறதா என்று பார்த்து அதை முடிவுசெய்யாதீர்கள். 'ரிஜிஸ்டர் ஆர்க்சி ஆர்க்வி' என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவதும் ஆர்க்விக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிஎச்பி தளங்களைக் கட்ட உதவும் லாராவெல் என்ற சட்டகம் 2024 நவம்பரில் சரிசெய்த பாதுகாப்பு ஓட்டை இந்த வழியில் வந்ததுதான்: வெளியாள் முகவரியில் எழுதியதை, கட்டளை வரியில் நிர்வாகி எழுதியதாக அது நம்பிவிட்டது.

இதற்கு முன்னோடியும் உண்டு. வலைச் சர்வர் பிஎச்பியை இயக்கும் வழிகளில் ஒன்று சிஜிஐ. 2012 மே மாதம் வெளியே தெரிந்த பிஎச்பி சிஜிஐ ஓட்டையில், முகவரியின் கேள்விக்குறிக்குப் பின் ஒரு சிறு கோடும் 'எஸ்' என்ற எழுத்தும் போட்டால் போதும், நிரலின் மூலக்குறியீடே உலாவியில் தெரிந்தது. அந்தச் சிறு கோட்டைத் தடுத்துச் சரிசெய்தார்கள். 2024 ஜூனில், தைவானைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் என்ற ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாத 'மென்கோடு' என்ற குறியை அனுப்பிக் காட்டினார். சீன, ஜப்பானிய மொழி அமைப்பில் ஓடும் விண்டோஸ் அதைச் சாதாரணக் கோடாக மாற்றிவிட, பழைய ஓட்டை மறுபடியும் திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே கதவு! பிஎச்பியின் 8.1.29, 8.2.20, 8.3.8 பதிப்புகளில்தான் அதை அடைத்தார்கள்.

பாஸ்வேர்டை ஆர்குமென்டாக, அதாவது கட்டளை வரியில் தரும் மதிப்பாகக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வழக்கமான லினக்ஸ் சர்வரில், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை மற்ற பயனர்கள் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளையைக் கொடுத்தாலே அந்த வரி முழுவதும் தெரியும்; தட்டிய கட்டளைகளைச் சேமித்துவைக்கும் ஷெல் வரலாற்றிலும் தங்கிவிடும். நிரலை இயக்கும் பயனர் மட்டும் படிக்கக்கூடிய கோப்பில் அதை வைத்து, கோப்பின் பெயரை மட்டும் கட்டளை வரியில் கொடுங்கள்.