மிட்ஷிப்மேன்: சொல் விளக்கம்

பாய்மரக் காலத்து பிரிட்டிஷ் கடற்படையில், லெப்டினன்ட் ஆகும் நோக்கத்தோடு கப்பலிலேயே தொழில் கற்றுவந்தவர் மிட்ஷிப்மேன். பெரும்பாலும் மீசை முளைக்காத பையன்; பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கப்பல் ஏறியவன்.

சொல்லைப் பிரித்தால் ‘கப்பலின் நடுவில் இருப்பவன்’ என்று வரும். 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தபோது இது பையன்களுக்கான பெயரே அல்ல. நடுப்பகுதியில் வேலைக்கு நிறுத்தப்பட்ட, கடலில் பழம் தின்று கொட்டை போட்ட மாலுமிக்கான பெயர். 1677இல் கடற்படை நிர்வாகத்தின் செயலராக இருந்த சாமுவேல் பெப்பீஸ் லெப்டினன்ட் பதவிக்குத் தேர்வு கொண்டுவந்தார். தேர்வுக்கு வருபவர் ஓராண்டாவது மிட்ஷிப்மேனாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவுதான், அதிகாரியாக நினைத்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த வேலைக்கு வரத் தொடங்கினார்கள். போகப்போக பெயரும் அவர்களுக்கே சொந்தமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிற்காலப் பெரிய போர்க்கப்பல்களில் இவர்கள் தங்கிய இடம் நடுப்பகுதியே இல்லை. பின்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, வெளிச்சம் எட்டாத அடித்தளம்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் தரைப்படையில் பதவியைக் காசுக்கு வாங்க முடிந்தது. கடற்படையில் தேர்வில் தேறித்தான் ஆக வேண்டும். கயிறு பின்னுதல், முடிச்சுப் போடுதல், பாயைச் சுருக்குதல், ஓதக் கணக்கு, சூரியனையோ விண்மீனையோ பார்த்துக் கப்பலின் இருப்பிடம் கணித்தல் எல்லாம் தெரியும் என்று சான்றிதழில் எழுதிக் கொடுப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆறாண்டு கடல் சேவையும் தேவைப்பட்டது.

ஆனாலும் செல்வாக்குக்கு வழியில்லாமல் போகவில்லை. பின்னாளில் பெயர்பெற்ற கடற்படைத் தளபதியான தாமஸ் காக்ரேன் சிறு பிள்ளையாக வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோதே, சித்தப்பா தயவில் அவர் பெயர் கப்பல் பதிவேட்டில் ஏறி, கடல் சேவைக் கணக்கும் தொடங்கிவிட்டது. பிரிட்டனின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி நெல்சன் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1771இல், 12 வயதில், தாய்மாமன் மாரிஸ் சக்ளிங்கின் கப்பலில் சேர்ந்தார். ‘சீஹார்ஸ்’ கப்பலில் கிழக்கே வந்து, 1774இல் மெட்ராஸையும் தொட்டார். காய்ச்சலில் படுத்து, 1776இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் லெப்டினன்ட் தேர்வு. கேள்வி கேட்ட குழுவில் மாமாவும் இருந்தார். பையனுக்கு வயது 18. சான்றிதழோ, பார்த்தால் இருபதுக்கு மேல் தெரிகிறது என்கிறது! திறமை இல்லாதவர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. 20 வயதிலேயே கேப்டன் ஆனவர். மாமா இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். தேர்வில் தேறியும் பதவி கிடைக்காமல் பல ஆண்டுகள் மிட்ஷிப்மேனாகவே இருந்தவர்கள் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘நடுக்கப்பலான்’ என்றால் சிரிப்புதான் வரும். ‘மாலுமி’ என்றால் அதிகாரியாகப்போகிறவர் என்ற பொருள் விழுந்துவிடும். ‘கடற்படைப் பயிலதிகாரி’ பொருந்துகிறது, சுருக்கமாகப் ‘பயிலதிகாரி’. அமெரிக்காவில் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி மாணவர்களை இன்றும் மிட்ஷிப்மேன் என்றே அழைக்கிறார்கள். அவர்களுக்கும் இது சரியாக வரும். பெப்பீஸுக்கு முந்தைய மிட்ஷிப்மேனை மட்டும் ‘மூத்த மாலுமி’ என்று எழுதிவிடலாம்.